பாதியில் விடுகிறவர்

செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, வெறுங்காலை மிதியின் மேல் வைத்துக்கொண்டு, திரையில் துள்ளும் இதயத் துடிப்பைத் திட்டிக்கொண்டிருப்பார் டாக்டர் புருல்சா. “நில்லு சனியனே, எங்க ஓடுற?”

மேசையில் விழித்தபடி படுத்திருக்கும் நோயாளிகள் தங்களைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். நரின் மலைப்பகுதியிலிருந்து வந்த குதிரைக்காரன் ஷெராலி பதிலே சொல்லிவிட்டான்: “நான் எங்கக்கா ஓடுறேன்? படுத்துத்தானே கெடக்கேன்!”

பிஷ்கேக் இதய மையத்தில் துடிப்புக் கோளாறு என்றால் புருல்சாதான். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் செலுத்தி, மின்னோட்டம் தடம் மாறும் இடத்தைத் தேடிப்பிடித்து, மிதியை அழுத்திச் சுடுவார். தேட வேண்டுமானால் முதலில் அந்தப் படபடப்பை அவரே கிளப்பிவிட வேண்டும். அப்போது மட்டும் குரல் இறங்கிவிடும். “இப்ப அடிச்சுக்கும்டா. நான்தான் செய்யறேன், பயப்படாதே.”

‘பாதியில் விடுகிறவர்’ என்று மையத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. தெரிந்தும் தெரியாததுபோல் தேநீரில் ஜாமைக் கலக்கிக் குடித்துக்கொண்டிருப்பார்.

ஷெராலி, குதிரைமேல் முட்டி மோதி ஆடும் கோக்-போரு ஆட்டத்தின் நடுவே மயங்கிக் குதிரையிலிருந்து விழுந்தவன். கோளாறான இடம் அகப்பட்டது. ஆனால் அது நல்ல துடிப்பு இறங்கும் பாதையை ஒட்டியே இருந்தது. சுட்டுப் பார்த்தார், படபடப்பு திரும்பி வந்தது.

“இன்னும் ஒரு மயிரிழை மேல சுட்டா படபடப்பு தீந்துரும்க்கா,” என்றார் இளம் மருத்துவர் கூபத்.

புருல்சா மிதியிலிருந்து காலை எடுத்தார்.

“ஷெராலி, இன்னொரு சூடு வச்சா தீந்துரலாம். குறி தப்புச்சுன்னா நல்ல பாதையும் கருகிரும். அப்புறம் ஆயுசுக்கும் நெஞ்சுல துடிக்க வைக்கிற கருவிதான்.”

“கருவியோட ஆட்டத்துக்குப் போலாமா?”

“முட்டி மோதுற ஆட்டமா? கூடாது.”

“இப்ப விட்டுட்டா?”

“மாத்திரை. இந்த வருஷ ஆட்டம் போச்சு. புண்ணு ஆறட்டும், மறுபடி வழி தேடுவோம்.”

அவன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

“விட்டுருங்கக்கா.”

வெளியே அவன் மனைவி நாஸ்குல் ரொட்டி மூட்டையோடு காத்திருந்தாள். “இவ்வளவு நேரம் உள்ள வச்சுட்டு ஒண்ணும் செய்யலையா? வேற டாக்டரா இருந்தா முடிச்சிருப்பாங்க!”

“முடிச்சிருக்கலாம்,” என்றார் புருல்சா. மேலே விளக்கத் தொடங்கினார். நாஸ்குல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். புருல்சா பேச்சை நிறுத்திவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கூபத் கதவைத் திறந்து, அடுத்த நோயாளி தயார் என்றார். புருல்சா திரும்பாமலே, பொறு என்பதுபோல் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார்.