கோழி வடித்த தட்டில் பச்சடி வெங்காயம்

ஆம்பூரில் ஞாயிறென்றால் எங்கள் வீட்டில் பிரியாணிதான். அன்று என் கணவர், கழுவிய கோழியை வடிதட்டில் போட்டு நீர் வடித்தார். பிறகு அதே தட்டைத் தண்ணீரில் லேசாக அலசிவிட்டு, தயிர்ப் பச்சடிக்கான வெங்காயத்தை அதில் போட்டுப் பிழிந்தார்.

மறுநாள் இருவருக்கும் காய்ச்சல், பேதி. வீட்டில் ஒரே கழிவறை. மாறி மாறிக் கதவைத் தட்டினோம்.

"பிரியாணி நல்லாத்தான் வெந்துது டாக்டர்" என்றார் இவர், மருத்துவமனையில்.

"வெங்காயம் வேகலையே" என்றேன் எரிச்சலோடு.

மலப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "சால்மோனெல்லா கிருமி. குடல் செல்லை ஏமாத்தித் தன்னை விழுங்க வைக்கும். அப்புறம் உள்ளேயே உட்கார்ந்து பெருகும்" என்றார்.

இப்போது வெங்காயத்தை நறுக்கி மூடி வைத்த பிறகுதான் கோழி வீட்டுக்குள் வருகிறது. அந்த வடிதட்டில் செடிக்கு மண் சலிக்கிறேன். மண்ணைவிட அந்தத் தட்டைத் தொட்டதற்காகத்தான் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன்.