மூங்கில் வரைக்கும்

பல வேலைகள் பார்த்து எதிலும் ஓராண்டு நிலைக்காமல், முப்பது வயதுக்கு மேல் போர்ட் பிளேரில் நில, நீர்ப்பிடிப்பு மேலாண்மைப் படிப்பில் சேர்ந்தேன். பட்டம் வாங்கவில்லை. களப்பணி மட்டும் ஒன்று முடித்தேன்.

வடக்கே மாயாபந்தர் ஊர்ப் பக்கம் ஒரு சரிவு. அடிவாரத்தில் குடிநீருக்கான தடுப்பணை. மழையில் அதற்குள் மண் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே எங்கெல்லாம் காடு வெட்டப்பட்டிருக்கிறது என்று அளந்து நான் வரைபடம் தர வேண்டும்.

சரிவில் ஒருவர் பாக்கும் வாழையும் வைத்திருந்தார். இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து ரப்பர் தோட்ட வேலைக்கென்று தெற்கே ஒரு தீவுக்குக் கொண்டுவரப்பட்ட குடும்பம். அந்த வேலை நின்றதும் இங்கே வந்து காட்டைத் திருத்தியிருந்தார். பட்டா கிடையாது.

“என்னா தம்பி, நக்‌ஷா போடுறீங்களா?”

“ஆமாண்ணே, வரைபடம்தான்.”

“அப்ப நம்ம தோட்டத்தையும் போட்டுருங்க. சர்க்கார் நக்‌ஷாவுல ஒருக்கா ஏறிட்டா பட்டா பக்கா.”

“கப்பல்ல ஏறுனப்பவே வாந்தி. இதுல நக்‌ஷாவுல ஏறப் போறாராம்” என்றார் அவர் மனைவி, வாழை மறைவிலிருந்து.

அது ஆக்கிரமிப்பைக் குறிக்கும் வரைபடம் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அவர் அளவு நாடாவைப் பிடிக்க மாட்டார். தனியாக அளக்க ஒரு வாரம் ஆகும். சொல்லவில்லை. மூன்று நாள் அட்டை கடிக்கக் கடிக்க நாடா பிடித்தார். கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டார்கள்; சாப்பிட்டேன். கடைசி நாள், வெட்டாத காட்டைக் காட்டி, “அந்த மூங்கில் வரைக்கும் போட்டுருங்க தம்பி, மகளுக்கு ஆகும்” என்றார். போட்டேன். சிவப்பு மையில்.

ஆசிரியர் பாராட்டினார். வரைபடம் வன அலுவலகத்துக்குப் போயிற்று. மழை முடிந்ததும் ஆட்கள் மரம் வெட்டும் மெஷினோடு கிளம்பினார்கள். எல்லை காட்ட என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

என்னைப் பார்த்ததும் தோட்டக்காரருக்கு முகம் மலர்ந்தது. “நீங்களே வந்துட்டீங்க. ஸாப்புக்குச் சொல்லுங்க தம்பி.”

அதிகாரி வரைபடத்தை விரித்து, இதெல்லாம் உன்னுடையதா என்று இந்தியில் கேட்டார். தோட்டக்காரர் சிவப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். ஒவ்வொரு மூலையும் அவருக்கு அடையாளம் தெரிந்தது.

“ஹாங் ஸாப், பூரா நம்மளுதுதான்.”

வரைபடத்தின் கீழே கையெழுத்து கேட்டார்கள். கையைத் துண்டில் துடைத்துவிட்டு, நிதானமாகப் போட்டார்.

முதல் வரிசைப் பாக்கு விழுந்ததும் அவர் மனைவி ஓடிவந்து அதிகாரியின் காலைப் பிடித்தார். அவர் மட்டும் என்னிடம் வந்தார்.

“தப்பா அளந்துட்டோமா தம்பி?”

“இல்லண்ணே, சரியாத்தான் அளந்தோம்.”