நின்றுபோன விமானங்களும் செல்வராணி அக்காவும்

செல்வராணி அக்கா காலமான செய்தி வந்தபோது நான் திருவனந்தபுரத்திலிருந்து ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். புளியறை சோதனைச் சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் மாட்டிக்கொண்டிருந்தது. “அக்கா போயிட்டாம்மா. தென்காசி வீட்டுக்குக் கொண்டாந்துட்டோம்” என்றார் போனில் அவருடைய தம்பி. இறங்கவும் முடியாமல் போகவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சென்னை விமான நிலையத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். பராமரிப்புப் பொறியாளர், அவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும். கடன் தாங்காமல் எங்கள் நிறுவனம் பறப்பதை நிறுத்தியது. கடன் கொடுத்த அரசு வங்கிகள் அதை வாங்க ஆள் தேடின. அதுவரை விமானங்கள் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள அக்காவையும் என்னையும் இன்னும் சிலரையும் வேலையில் வைத்துக்கொண்டார்கள். எஞ்சின் வாயை உறைபோட்டு மூடுவோம். டயர் ஒரே பக்கம் அழுந்தாமல் சக்கரங்களை உருட்டி வைப்போம். ஒரு நாள் இறக்கை இடுக்கில் மைனா கூடு கட்டியிருந்தது. “பாத்தியாட்டி, இதாவது நம்ம கம்பெனிய நம்பி வந்திருக்கே” என்றார்.

ஒருமுறை டெல்லியிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து, அரசு எங்களைக் கைவிடாது என்றார். அக்கா எழுந்தார். “எங்க விமானம் எறங்குத நேரத்தையெல்லாம் மத்த கம்பெனிக்குப் பிரிச்சுக் குடுத்துட்டீங்க. நாளைக்கு வாங்குதவன் எங்கன கொண்டுபோய் எறக்குவான் சார்?” அது தற்காலிக ஏற்பாடு என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்தவரைப் பார்த்தார்.

அக்காவுக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. இங்கே பணியிலிருந்து விடுவித்த கடிதத்தை அந்த நிறுவனம் கேட்டது. எங்கள் நிறுவனத்தின் திவால் வழக்கை விசாரித்த தீர்ப்பாயம் நியமித்த நிர்வாகியோ, பொறியாளர்கள் போய்விட்டால் வாங்க வருபவர் பின்வாங்கிவிடுவார் என்று சொல்லிக் கடிதம் தர மறுத்தார். அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அக்கா சொன்னது: “வேலைய விட்டும் எடுக்கல, வேலையும் தரல. பூட்டுக்கு நாலு சாவி. அரசாங்கம், பேங்க், கோர்ட்டு, வாங்க வாரவன். நாலு பேரும் ஒண்ணா வந்தாத்தான் தொறக்குமாம்.”

வாங்க முன்வந்தவரும் சொன்னபடி நடக்கவில்லை. நிறுவனத்தைக் கலைக்க உத்தரவான செய்தி வந்த அன்று நானும் அக்காவும் விடுப்பில் ஐந்தருவியில் இருந்தோம். செய்தியைப் படித்ததும் போனை என்னிடம் தந்துவிட்டு, உடுத்தியிருந்த சேலையோடு பெண்கள் பக்கம் போய் அருவியில் நின்றார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. “வா, போவோம்” என்று மட்டும் சொன்னார். எந்த விமானமும் பறக்க அவர் அதன்பிறகு கையெழுத்திடவே இல்லை. உரிமத்தைப் புதுப்பிப்பதற்குள் நோய் வந்துவிட்டது.

கடைசியாகப் பார்க்கப் போனபோது, என் இப்போதைய நிறுவனத்தைப் பற்றிக் கேட்டார். அங்கேயும் கடன், அரசோடு பேச்சு நடக்கிறது என்றேன். மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்தார். “பொறுமையா இருங்கன்னு சொல்லுதாவளா? எதுவரைக்கும்னு கேளுட்டி. நான் கேக்காம விட்டுட்டேன்.”

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே மேலாளர் எங்களைக் கூட்டிப் பொறுமை காக்கச் சொன்னார். எழுந்து, எதுவரைக்கும் என்று கேட்டேன். அவர் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.