இசைத்தட்டின் இரண்டாம் பக்கம்

எங்கள் அண்ணா நல்லூரில், அரச எழுதுவினைஞர் ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். அவருக்குப் பின் நான். எனக்குப் பின் தம்பி. கப்பலில் வேலை செய்த மாமா ஒருமுறை இங்கிலாந்திலிருந்து ஒரு றொக் குழுவின் இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தார். உறைகளில் நான்கு ஆண்கள் மினுங்கும் சட்டையும் குதி உயர்ந்த சப்பாத்தும் கண்மையுமாக நின்றார்கள். "உவங்கள் என்ன, கூத்துக்கு வெளிக்கிட்டு நிக்கிறாங்களோ?" என்றார் அப்பா. அண்ணாவும் தம்பியும் பாட்டுப் பெட்டியை விட்டு எழும்பவில்லை. ஊசியை வைப்பது அண்ணா. முதற்பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்பிப் போடுவது தம்பி. நான்கூடத் தொட முடியாது.

எண்பதுகளில் அண்ணா பாரிஸுக்கு வந்தார். உணவகத்தில் கோப்பை கழுவினார். பின்னர் ஓய்வு பெறும்வரை தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் நின்றார். என்னை இங்கு அழைத்தவரும் அவரே. தமது லீவு நாளில் புதிதாக வந்தவர்களோடு வதிவிட அனுமதி தரும் பிரெபெக்த்தூர் அலுவலக வரிசையில் நின்று, அவர்களுக்காகப் பிரெஞ்சில் பேசுவார். நன்றி சொல்ல வீட்டுக்கு வந்தவர்களையும் சாப்பிட வைத்துத்தான் அனுப்புவார். ஊரில் விட்டுவந்த இசைத்தட்டுகள் இடப்பெயர்வில் போயின. அவற்றைப் பற்றி அவர் பேசியதில்லை.

2009இல், போரின் கடைசி நாட்களில், வன்னியிலிருந்த தம்பியிடமிருந்து செய்தி நின்றது. அண்ணா விசாரிக்காத இடமில்லை. ஆண்டுகள் போனபின், இறந்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைத் தம்பிக்கும் செய்வது பற்றி உறவினர் பேச்செடுத்தால், "உடம்பை ஆர் கண்டது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்.

அந்த நாட்களில்தான் பாரிஸுக்கு அருகே சென் தெனியில் ஒரு பழைய பொருட்கடையில் அந்த இசைத்தட்டு உறைகளில் ஒன்று அவர் கண்ணில் பட்டது. தெருவில் நின்றே எனக்குத் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, எங்கட ஆக்கள் இஞ்சை நிக்கினம்!" அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தை சந்தையாகத் தேடி, மாமா கொண்டுவந்த அத்தனையையும் திரும்பச் சேர்த்தார்.

மார்க்ஸ் டோர்மோய் பகுதியிலிருந்த தமது வீட்டில் முதல் தட்டைப் போட்டதும் அவர் முகம் மாறியது. பாட்டு மெதுவாகவும் குரல் கனமாகவும் இருந்தன. கொஞ்ச நேரத்தில் சிரித்தார். "ஊரிலை எங்கட வீட்டுப் பெட்டி அவ்வளவு வேகமாய் ஓடியிருக்குது. இவ்வளவு காலமும் நான் பிழையான பாட்டையல்லோ முணுமுணுத்தனான்." சரியான வேகத்தில் அந்தக் குழுவை அன்றுதான் கேட்டார். முன்னையிலும் அதிகமாகப் பிடித்துப்போயிற்று.

முதற்பக்கம் முடிந்தது. ஊசியைத் தூக்கித் தட்டை உறைக்குள் வைத்துவிட்டார். எல்லாத் தட்டுகளுக்கும் அப்படியே செய்தார். ஒருநாள் அண்ணி பொறுக்கமாட்டாமல் கேட்டார்:

"மற்றப் பக்கத்திலை என்ன, பேயே இருக்குது? காசு குடுத்துத்தானே வாங்கினனீங்கள்?"

"அது அவன்ர வேலை."

"உங்களுக்குக் கையில்லையோ?"

"அவன் வந்து போடட்டும்."

அண்ணி அதன்பின் கேட்கவில்லை. தட்டைத் திருப்பினால் தம்பி இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது எங்களுக்கு விளங்கியிருந்தது. பல ஆண்டுகள் அந்த வீட்டில் பாதிப் பாட்டுகளே ஒலித்தன.

நோய் முற்றியபின் அண்ணாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஒரு பிற்பகல் நான் பக்கத்தில் இருந்தேன். முதற்பக்கம் முடிந்து தட்டு வெறுமனே சுற்றியது. அவரால் எழும்ப முடியவில்லை. ஊசியைத் தூக்கப் போனேன்.

"பிள்ளை, திருப்பிப் போடு."

"அண்ணை, தம்பி வரட்டும் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அவன் வரமாட்டான், பிள்ளை. போடு."

திருப்பினேன். சமையலறையிலிருந்து அண்ணியும் வந்து நின்றார். கைதட்டலோடு தொடங்கி, கால்களை நிலத்தில் உதைப்பது போன்ற முழக்கத்தோடு ஒரு பாட்டு எழுந்தது. அண்ணா கண்களை மூடிக்கொண்டு கடைசிப் பாட்டுவரை கேட்டார். பிறகு, "எனக்கு அந்தியேட்டி செய்யேக்கை அவனுக்கும் சேர்த்துச் செய்யுங்கோ. இனி அவனைத் தனிய விடாதேங்கோ" என்றார். அடுத்த கிழமை எங்களைப் பிரிந்தார்.

வீட்டுக்கு வந்து பராமரித்த தாதியரையும், அண்ணியை அடுப்படிக்குப் போகவிடாமல் சமைத்துக் கொண்டுவந்த அயலவரையும், கடைகளைப் பூட்டிவிட்டு வந்து அண்ணாவின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களையும் மறவோம். ஊரில் முகாம் முகாமாக எங்களுக்காகத் தம்பியைத் தேடி அலைந்தவர்களுக்கு நாங்கள் சரியாக நன்றி சொன்னதில்லை, இன்று சொல்கிறோம்.

இன்றைய அந்தியேட்டியில் ஐயர் இரண்டு பெயர்களைச் சொல்வார். அண்ணாவுக்கென்று நீங்கள் கொண்டுவந்த பூவில் கொஞ்சத்தை, பக்கத்திலுள்ள தம்பியின் படத்துக்கும் இடுங்கள்.