திருப்பிக் கொடுத்த கப்பல் டிக்கெட்

அறுபதுகளின் நடுவில் நாங்கள் அந்தமானில், பெரார்கஞ்சில் இருந்தோம். கணவருக்குக் காட்டிலாகாவில் குமாஸ்தா வேலை. மகள் பிறந்து இரண்டு மாதமாகியும் அவளைக் கொஞ்ச எனக்குத் தோன்றவில்லை. பால் கொடுப்பேன், கீழே கிடத்துவேன், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். சோறு தீய்ந்தாலும் எழமாட்டேன்.

பெண்கள் முகம் வாடினால் எங்கள் தீவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் மெயின்லேண்டுதான். காய்ச்சலோ, கண்ணீரோ, புருஷனோடு சண்டையோ, எல்லாவற்றுக்கும் மெட்ராஸ் கப்பல். "தலைப்பிரசவம், அம்மா பக்கத்துல இல்ல, அந்த ஏக்கம்தான்" என்று எல்லோரும் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கத்தான் ஆள் இல்லை. இவரும் போர்ட் பிளேருக்கு நாலு நடை நடந்து, யார் யாரிடமோ பல்லிளித்து டிக்கெட் வாங்கி வந்தார்.

"வெள்ளிக்கிழமை கப்பல். எனக்கு லீவு இல்ல, நீ பிள்ளையோட போயிட்டு வா. அம்மாவைப் பாத்தா சரியாயிடும்."

"எனக்கு அம்மா ஏக்கம் இல்லீங்க" என்றேன். "என்னைப் பிள்ளையோட கப்பல்ல ஏத்தாதீங்க. நாலு நாளும் கடலைப் பாத்துக்கிட்டு இருந்தா என்ன செஞ்சிடுவேன்னு எனக்கே பயமா இருக்கு."

பெற்றவள் சொல்லக்கூடிய வார்த்தையா அது? ஆனாலும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பெருமைப்படுகிற காரியங்களில் அதற்குத்தான் முதலிடம்.

அவர் திட்டவில்லை, பேய் பிசாசு என்று வேப்பிலை தேடவும் இல்லை. மறுநாளே டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். கிடைத்த டிக்கெட்டை விடுகிறவனுக்குக் கிறுக்கு என்று ஆபீசே சிரித்தது. என்னை டாக்டரிடம் காட்டினார். பக்கத்து வீட்டு வங்காளத்துப் பெண்ணிடமும் ஒளிக்காமல் சொன்னார். மூன்று பிள்ளை பெற்றவள் அவள். "முஜே பீ ஹுவா தா" என்றாள். தனக்கும் இப்படி வந்ததாம். யாரிடமும் சொல்லவில்லையாம்.

அன்றிலிருந்து அவர் ஆபீசுக்குக் கிளம்பும்போது அவள் வருவாள்; அவர் திரும்பும்வரை போகமாட்டாள். என் அடுப்படியிலேயே மீன் நறுக்குவாள், கீரை ஆய்வாள், பிள்ளையைக் குளிப்பாட்டுவாள். எனக்கு அறிவுரை மட்டும் சொன்னதில்லை. மழைக்காலம் முழுக்க அப்படியே ஓடியது. ஒருநாள் பிள்ளை அழுதபோது அவளுக்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன்.

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தபோது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். "அப்ப என்னைப் புடிக்கலையாம்மா?" என்றாள்.

"புடிக்கலடி" என்றேன். "புடிக்காதப்பவே உன்னைக் காப்பாத்தினேன்."