பாதி வரையும் கை

பேர் என்னவோ சக்கரவர்த்தி. ஆண்டதெல்லாம் கட்டம் போட்ட காகிதத்தை மட்டும்தான். ஆரணியில் எங்கள் பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுத்தவர் அவர். மயிலோ மாங்காயோ, பாதியைத்தான் வரைவார். மறுபாதியைத் தறி கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டு நெய்துகொள்ளும். அவர் கை அதற்கே பழகியிருந்தது.

1996இல் அவருடைய ஒரே மகள் காவ்யா காய்ச்சலில் போய்விட்டாள். நாலு வயது. வீட்டில் அவள் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. மொட்டை அடித்த பிள்ளை, முடி வளரட்டும், பூ வைத்துப் பின்னி ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போகலாம் என்று தள்ளிப் போட்டிருந்தார்கள். பாழாய்ப்போன முடி அதற்குள் வளரவில்லை.

மறுவருஷம் புரட்டாசி அமாவாசைப் படையல். எல்லார் வீட்டிலும் செத்தவர்கள் படத்தின் முன்னால் இலை போட்டார்கள். இவர்கள் வீட்டில் வெறும் சுவர். "ஊருக்கெல்லாம் வரையறீங்க, நம்ம பொண்ண வரையக் கூடாதா?" என்று கேட்டாள் அவர் மனைவி அபிதகுசாம்பாள்.

வரைந்தார். முகத்தில் பாதியை வரைந்து, மறுபாதியை அப்படியே திருப்பிப் போட்டிருந்தார். தெரிந்து செய்ததில்லை, கை செய்தது.

"சாமி செல மாதிரி கீதுங்க. இது நம்ம காவ்யா இல்ல" என்று அவள் அழுதாள். "எதிர்ல கீற கத்திரிக்காயக்கூட உங்களால பாத்தது பாத்தபடி வரைய முடியாது."

ஆத்திரத்தில் வந்த வார்த்தை. இந்த மனுஷன் அதையே பிடித்துக்கொண்டார். படையலுக்கு வாங்கிய கத்திரிக்காயை எடுத்து வைத்து வரைந்தார். அதுவும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே வந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு புரட்டாசியும் இதே வேலை. சந்தவாசல் பக்கத்திலிருந்து பரங்கியும் புடலையும் அவரையும் வந்து இறங்கும் மாதம் அது. மார்க்கெட்டில் கோணல் காயாகத் தேடுவார். "நல்லதெல்லாம் உட்டுட்டு சொத்தையப் பொறுக்கிகினு இருக்கீங்களே" என்று காய் விற்கும் சின்னபொண்ணு கேலி செய்வாள். எனக்கோ தீபாவளி வியாபாரம். டிசைன் கேட்டு நான் வாசலில் நிற்க, அவர் புடலங்காய் முன்னால் உட்கார்ந்திருப்பார். பேஜார் பிடித்த மனுஷன் என்று முகத்துக்கு நேராகவே திட்டியிருக்கிறேன்.

2005இல் ஒரு நாள் போனேன். ஒரு பரங்கிக்காய், இரண்டு புடலங்காய், ஒரு பிடி அவரை வரைந்து வைத்திருந்தார். மண்ணில் கிடந்த பக்கம் பரங்கிக்காய் வெளிறிச் சப்பையாக இருந்தது. சாம்பல் பூத்த புடலங்காயில் யாரோ விரல் வைத்த தடம்கூடத் தெரிந்தது. டிசைன் கேட்க வந்ததை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கை திருந்திடுச்சுங்க" என்றார் என்னிடம். அப்போதே மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் புதுக் காகிதம் விரித்தார். பென்சிலை வைத்தவர் நிமிர்ந்தார்.

"அபிதா, பாப்பா சிரிச்சா குழி எந்தக் கன்னத்துல உழும்?"

அவள் சட்டென்று தன் வலது கன்னத்தைத் தொட்டாள். பிறகு கை இடது கன்னத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

"நீங்க சொல்லுங்க" என்றாள்.

அவர் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு, விரித்த காகிதத்தைச் சுருட்டினார்.

அந்த அமாவாசைக்குப் பரங்கிக்காய்ப் படத்தைச் சுவரில் மாட்டி, அதற்கு மாலை போட்டார்கள்.