குசினிக்குப் பின்னால் ஒரு பள்ளம்

மாத்தளையில் எங்கள் வீடு மிளகுத் தோட்டத்துச் சரிவில் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் மண் கீழே போகும். போன வருடம் நாங்கள் சமைக்கும் குசினியின் சுவருக்குப் பின்னால் ஆள் இறங்கக்கூடிய பள்ளமே விழுந்துவிட்டது. இன்னொரு பெருமழை வந்தால் குசினி போய்விடும் என்று எனக்கும் மனைவிக்கும் தெரியும். மண்ணைத் தடுக்கக் கல் கட்டுப் போட வசதியில்லை.

மண்ணைக் காப்பாற்ற அரசாங்கம் உதவி செய்கிறதாம் என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னார். எந்த இலாகா, எந்தக் கந்தோர் என்று கேட்பதற்குள் இறங்கிவிட்டார். விவசாயிகளுக்கு உதவும் கமநல நிலையத்துக்குப் போனேன். வயலா என்று கேட்டார்கள். மிளகு என்றேன். அது ஏற்றுமதிப் பயிர், வேறு கந்தோர் என்றார்கள். அந்தக் கந்தோரில் மிளகுக் கன்று தருவதாகச் சொன்னார்கள். கன்றை நட மண் வேண்டுமே என்றேன். அடுத்த மேசையைக் காட்டினார்கள். அங்கிருந்த இளம் பெண் அதிகாரி, வியாழக்கிழமை வந்து இடத்தைப் பார்ப்பதாகச் சொன்னார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"வியாழக்கிழமை வர்றாங்களா? இந்த லட்சணத்துலயா காட்டுறது?" என்றாள் மனைவி.

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் விளக்குமாற்றைத்தான் எடுப்பார்கள். நாங்கள் மம்பட்டியையும் எடுத்தோம். பள்ளத்தில் தென்னை மட்டையைப் போட்டு, மேலே மண்ணைத் தள்ளி மிதித்தோம். வேர் தெரிந்த கொடிகளுக்கு மண் அணைத்தோம். பள்ளம் இருந்த இடத்தில் மனைவி செவ்வந்திச் சட்டிகளை வரிசையாக வைத்தாள். எனக்கே பெருமையாக இருந்தது.

அதிகாரி வந்தார், சுற்றிப் பார்த்தார், தேநீர் குடித்தார். இவ்வளவு ஒழுங்கான தோட்டத்தை நான் பார்த்ததே இல்லை, உங்களுக்கு எங்கள் உதவி தேவைப்படாது என்று சிங்களத்தில் சொன்னார். பள்ளம் இந்தச் செவ்வந்திக்கு அடியில் இருக்கிறது, தோண்டிக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"அப்புறம் அது நீங்கள் வெட்டிய பள்ளமாகிவிடுமே" என்றார்.

போகும்போது கீழ்க்காணியை எட்டிப் பார்த்தார். அந்தக் காணிக்காரர் யார் வந்தாலும் புல்லைக் கூடச் செதுக்காத மனிதர். எங்களிடமிருந்து போன மண்ணெல்லாம் அங்கே குவிந்து, அங்கிருந்தும் ஓடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி இறங்கிப் போய் நிறையப் படம் எடுத்தார்.

அடுத்த வாரமே மழை. முதலில் செவ்வந்திச் சட்டிகள் போயின, பிறகு குசினியின் பின்சுவர். இப்போது முன் அறையில் சமைக்கிறோம். கட்டில் வரை புகை. எனக்கு அதிகாரி மேல் கோபம், மழை மேல் கோபம், மம்பட்டி மேலும் கோபம்.

கீழ்க்காணிக்காரருக்கு உதவி கிடைத்தது. கல் கட்டு முடிந்த அன்று அதிகாரி பார்க்க வந்தார். நானும் மனைவியும் இடிந்த சுவருக்கருகில் நின்றோம். அவர் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்து, இவ்வளவு நல்ல மண்ணை ஓடைக்கு விடாமல் தடுத்துவிட்டோம் என்று காணிக்காரரிடம் சந்தோஷப்பட்டார்.

"அது எங்க குசினி மண்ணு மிஸ்" என்று மனைவி மேலே நின்றபடி சொன்னாள்.